இரண்டு வாரம் காத்திருக்க வேண்டாம்: எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு ஒரு டி.பி. வழிகாட்டி

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் சளிப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள் என்று அரசு மருத்துவமனைச் சுவர்களில் எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பொதுமக்களுக்கு அது சரியான அறிவுரை. எச்.ஐ.வி. உள்ளவருக்கு அந்தக் கணக்கு கிடையாது. இன்றைக்கு இருமல் இருந்தால் இன்றைக்கே சொல்ல வேண்டும்.

என் சித்தப்பா அந்த இரண்டு வாரத்தை எண்ணிக்கொண்டிருந்தவர். கடலூர் துறைமுகத்தில் படகு வேலை. எச்.ஐ.வி. இருப்பது தெரிந்தும், தெரிந்தவர்கள் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று எச்.ஐ.வி.க்கு மருந்து தரும் ஏ.ஆர்.டி. மையத்துக்குப் போகாமல் தள்ளிப்போட்டார். மாலையானால் காய்ச்சல் வரும். மருந்துக் கடையில் மாத்திரை வாங்கிப் போடுவார், இறங்கிவிடும். இருமல் பெரிதாக இல்லாததால் டி.பி.யாக இருக்காது என்று நினைத்தோம். கழுத்தில் நெரி கட்டி, எடை 58 கிலோவிலிருந்து 46-க்கு வந்த பிறகுதான் கூட்டிக்கொண்டு போனேன். இப்போது நன்றாக இருக்கிறார். பெயரைப் போடாமல் எழுது, நாலு பேருக்கு உதவும் என்று அவரே சொன்னார். அந்த ஒரு வருடத்தில் நாங்கள் கற்றுக்கொண்டதைப் புதிதாக வருகிறவர்களுக்காக வரிசையாகச் சொல்கிறேன். மருந்தின் அளவை உங்கள் மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். அவரிடம் என்ன கேட்பது, எதை மறைக்கக் கூடாது என்பதற்குத்தான் இந்தக் கட்டுரை.

ஏன் இத்தனை அவசரம்?

டி.பி. கிருமி காற்றில் பரவுகிறது. நம் ஊரில் பலருடைய உடம்பில் அது ஏற்கெனவே புகுந்து, எதுவும் செய்யாமல் தூங்கிக்கொண்டிருக்கிறது. எதிர்ப்புச் சக்தி நன்றாக இருந்தால், கிருமி புகுந்த நூறு பேரில் ஐந்து முதல் பத்துப் பேருக்குத்தான் வாழ்நாளில் என்றாவது நோயாக வெளிப்படும். எச்.ஐ.வி. இருந்து, அதற்கு மருந்து எடுக்காமல் இருந்தால், ஏறக்குறைய அதே பத்துப் பேர் என்பது ஒரே வருடத்தின் கணக்காகிவிடும். எச்.ஐ.வி. உள்ளவர்களின் உயிரை அதிகம் பறிப்பதும் டி.பி.தான். ஆனால் இது குணமாகும் நோய், வராமல் தடுக்கவும் மாத்திரை இருக்கிறது. இரண்டும் இலவசம்.

எங்கே போவது?

எச்.ஐ.வி. இருக்கிறதா என்றே தெரியாவிட்டால் முதலில் நம்பிக்கை மையம். தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் எச்.ஐ.வி. பரிசோதனையும் ஆலோசனையும் தரும் இடத்துக்கு இதுதான் பெயர். டி.பி. என்று தெரியவந்த எல்லோருக்கும் எச்.ஐ.வி. பரிசோதனை செய்யச் சொல்வார்கள். உங்களை மட்டும் சந்தேகப்படுகிறார்கள் என்று எண்ண வேண்டாம்.

எச்.ஐ.வி. உறுதியானால் அடுத்தது ஏ.ஆர்.டி. மையம். கடலூரில் அரசு தலைமை மருத்துவமனையில் இருக்கிறது. புதுச்சேரிப் பக்கம் என்றால் கோரிமேட்டில் ஜிப்மர். அதே கோரிமேட்டில் அரசு நெஞ்சக நோய் மருத்துவமனையும் உண்டு. உங்களுக்குப் பக்கத்தில் எந்த மையம் என்று தெரிய 1097-க்குக் கூப்பிடலாம், கட்டணம் இல்லை. டி.பி. பற்றிக் கேட்க 1800-11-6666.

கடலூர்க்காரர்கள் முகம் தெரியாமல் இருக்க வேண்டும் என்று புதுச்சேரிக்குப் போவதும், அங்கிருப்பவர்கள் இங்கே வருவதும் நடக்கிற விஷயம்தான். அதில் தவறில்லை. ஆனால் மழை, வேலை, கையில் காசில்லாத மாதம் எல்லாவற்றையும் தாண்டி மாதாமாதம் போய்வர முடிகிற தூரமா என்று பாருங்கள். ரகசியத்துக்காகத் தூரமாகப் போய், மூன்றாம் மாதம் பஸ்ஸுக்குக் காசில்லாமல் மருந்தை விட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். உங்கள் நிலையை உங்கள் சம்மதம் இல்லாமல் வெளியே சொல்லக் கூடாது என்று 2017-ஆம் ஆண்டின் எச்.ஐ.வி., எய்ட்ஸ் சட்டம் சொல்கிறது. 2018 செப்டம்பரிலிருந்து அது நடைமுறையில் இருக்கிறது. வேலையிலும் சிகிச்சையிலும் பாகுபாடு காட்டுவதையும் அதே சட்டம் தடுக்கிறது.

ஒவ்வொரு தடவையும் நாலு கேள்வி

மையத்துக்குப் போகும்போதெல்லாம் நாலு விஷயம் கேட்பார்கள். இருமல் இருக்கிறதா? காய்ச்சல் இருக்கிறதா? எடை குறைந்திருக்கிறதா? இரவில் வியர்க்கிறதா? ஒன்றுக்கு ஆமாம் என்றாலும் டி.பி.க்குச் சோதிக்க வேண்டும். கூட்டம் அதிகமாக இருக்கும் நாளில் அவர்கள் கேட்க மறந்தால் நீங்களே சொல்லுங்கள். இரவு வியர்வையில்தான் நாம் ஏமாறுகிறோம். கடலோரப் புழுக்கத்தில் சித்திரை மாதம் யாருக்குத்தான் வியர்க்காது? மின்விசிறி ஓடியும், வீட்டில் மற்றவர்கள் நன்றாகத் தூங்கியும், உங்கள் பாய் மட்டும் நனைந்தால் அதைச் சொல்ல வேண்டும். எடைக்கு வீட்டில் தராசு தேவையில்லை. கைலியின் முடிச்சும் ரவிக்கையின் தளர்வும் காட்டிக்கொடுக்கும்.

குழந்தைகளுக்குக் கேள்வி கொஞ்சம் மாறும். எடை கூடாமல் இருப்பது, காய்ச்சல், இருமல், வீட்டில் யாருக்காவது டி.பி. இருப்பது. இதில் ஒன்று இருந்தாலும் கூட்டிக்கொண்டு போங்கள்.

பரிசோதனை

சளியை இயந்திரத்தில் வைத்து கிருமியின் மரபணுவைத் தேடும் சோதனைதான் இப்போது முக்கியம். சிபிநாட், ட்ரூநாட் என்று சொல்வார்கள். சில மணி நேரத்தில் முடிவு வந்துவிடும். ரிஃபாம்பிசின் என்ற முக்கியமான மருந்துக்குக் கிருமி மசியுமா, மசியாதா என்பதையும் அதுவே சொல்லிவிடும். எச்.ஐ.வி. உள்ளவர்களின் சளியில் கிருமி குறைவாக இருப்பதால் கண்ணாடித் துண்டில் தடவி நுண்ணோக்கியில் பார்க்கும் பழைய முறையில் தப்பிவிடும். அதனால் சளி பார்த்தாச்சு, ஒன்றும் இல்லை என்று யாராவது சொன்னால், எந்தச் சோதனையில் பார்த்தார்கள் என்று கேளுங்கள்.

சளி கொடுப்பதில் ஒரு பக்குவம் இருக்கிறது. காலையில் எழுந்ததும், சாப்பிடும் முன், வெறும் தண்ணீரில் வாயைக் கொப்பளியுங்கள். ஆட்கள் இல்லாத திறந்தவெளிக்குப் போய், இரண்டு மூன்று தடவை மூச்சை ஆழமாக இழுத்து விட்டு, நெஞ்சின் அடியிலிருந்து இருமி எடுங்கள். டப்பாவில் எச்சில் மட்டும் இருந்தால் சோதனை வீண்.

எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு டி.பி. நுரையீரலோடு நிற்பதில்லை. கழுத்து நெரி, வயிறு, நெஞ்சுக்கூட்டில் நீர், மூளைச் சவ்வு என்று எங்கும் வரும். எக்ஸ்ரே சுத்தமாக இருந்தும் டி.பி. இருக்கலாம். என் சித்தப்பாவின் சளியில் ஒன்றும் தெரியவில்லை. கழுத்து நெரியில் ஊசி வைத்து எடுத்த நீரில்தான் தெரிந்தது. எதிர்ப்புச் சக்தி ரொம்பவும் குறைந்தவர்களுக்கு, அதாவது ரத்தத்தில் சிடி4 என்ற எதிர்ப்புச் செல்களின் எண்ணிக்கை 200-க்குக் கீழே போனவர்களுக்கு, சிறுநீரிலேயே பார்க்கும் லாம் என்ற சோதனையும் இருக்கிறது. சளி வராதவர்களுக்கு அது பெரிய உதவி. கிடைக்குமா என்று கேட்டுப் பாருங்கள்.

டி.பி. இல்லை என்றால்: தடுப்பு மாத்திரை

இதைத்தான் பலர் வேண்டாம் என்று விட்டுவிடுகிறார்கள். நோயே இல்லாதபோது மாத்திரை எதற்கு என்ற கேள்வி நியாயமாகத்தான் தோன்றும். தூங்கிக்கொண்டிருக்கும் கிருமியை எழுவதற்குள் அழிக்கத்தான் அந்த மாத்திரை. ஏ.ஆர்.டி. மருந்தும் டி.பி.யைப் பெருமளவு தடுக்கிறது. இரண்டும் சேர்ந்தால் பாதுகாப்பு இன்னும் கூடும்.

வழக்கமான முறை, ஐசோனியாசிட் 300 மில்லிகிராம் தினம் ஒன்று, ஆறு மாதம். கூடவே பி6 வைட்டமின் மாத்திரை தருவார்கள். கால் மரத்துப்போகாமல் காப்பது அதுதான், வெறும் சத்து மாத்திரைதானே என்று விட்டுவிடாதீர்கள். இன்னொரு முறையில் ஐசோனியாசிடும் ரிஃபாபென்டினும் சேர்த்து வாரம் ஒரு நாள், பன்னிரண்டு வாரம். ஏ.ஆர்.டி.யில் டோலுடெக்ராவிர் என்ற மருந்தை எடுக்கும் பெரியவர்களுக்கும் இது ஒத்துப்போகும். உங்கள் மையத்தில் எது இருக்கிறதோ அதைத் தொடங்குங்கள். இதற்கு முன் தோலில் ஊசி போட்டுப் பார்க்கும் சோதனை கட்டாயமில்லை.

தொடங்கும் முன் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டியவை: மஞ்சள் காமாலை, தினமும் குடிக்கும் பழக்கம், கை கால் எரிச்சல். அந்த நாலு கேள்வியில் ஏதாவது ஒன்றுக்கு ஆமாம் என்றால், சோதித்து டி.பி. இல்லை என்று உறுதியாகும் வரை தடுப்பு மாத்திரையைத் தொடங்கவே கூடாது. உள்ளே நோய் இருக்கும்போது ஒரே ஒரு மருந்தைக் கொடுத்தால் கிருமி அதற்குப் பழகிவிடும்.

டி.பி. இருந்தால்

சாதாரண டி.பி. என்றால் ஆறு மாதம். எச்.ஐ.வி. இருப்பதால் காலம் கூடுவதில்லை. முதல் இரண்டு மாதம் நாலு மருந்து சேர்ந்த மாத்திரை, அடுத்த நாலு மாதம் மூன்று மருந்து சேர்ந்தது. தினமும் போட வேண்டும். எத்தனை மாத்திரை என்பதை எடை முடிவு செய்கிறது. 35 முதல் 49 கிலோ வரை மூன்று, 50 முதல் 64 வரை நாலு என்று போகும். எடை கூடினால் எண்ணிக்கையும் மாறலாம் என்பதால் மாதாமாதம் எடை பாருங்கள். மூளைச் சவ்வு, எலும்பு டி.பி.க்குக் காலம் நீளும். ரிஃபாம்பிசினுக்கு மசியாத டி.பி. என்றால் மருந்தே வேறு. முன்பு ஒன்றரை, இரண்டு வருடம் என்று இழுத்ததற்கு இப்போது ஆறு மாத மாத்திரை முறை வந்திருக்கிறது, 2024-இல் இந்தியாவும் அதை ஏற்றுக்கொண்டது.

எதை முதலில் தொடங்குவது? டி.பி. மருந்தைத்தான். பிறகு இரண்டு வாரத்துக்குள் ஏ.ஆர்.டி. மூளைச் சவ்வு டி.பி. இருந்தால் மட்டும் ஏ.ஆர்.டி.யைச் சில வாரங்கள் தள்ளிவைப்பார்கள். ஏற்கெனவே ஏ.ஆர்.டி. எடுக்கிறவர்கள் அதை நிறுத்தக் கூடாது. இவற்றோடு கோட்ரைமாக்சசோல் என்ற மாத்திரையும் தருவார்கள். மற்றக் கிருமித் தொற்றுகளைத் தடுத்து உயிரைக் காப்பாற்றுவதால், மாத்திரை அதிகமாக இருக்கிறது என்று இதைக் கழித்துவிடாதீர்கள்.

இப்போது ஒரு முக்கியமான விஷயம். டி.பி. மாத்திரையில் உள்ள ரிஃபாம்பிசின், ஏ.ஆர்.டி.யில் உள்ள டோலுடெக்ராவிரை ரத்தத்திலிருந்து சீக்கிரம் கரைத்து அனுப்பிவிடும். அதற்காக டி.பி. மருந்து எடுக்கும் காலத்தில் மூன்று மருந்து சேர்ந்த வழக்கமான ஏ.ஆர்.டி. மாத்திரையோடு, பன்னிரண்டு மணி நேரம் கழித்து டோலுடெக்ராவிர் 50 மில்லிகிராம் தனியாக இன்னொன்று போட வேண்டும். இரவு எட்டுக்கு ஒன்று என்றால் காலை எட்டுக்கு இன்னொன்று. டி.பி. மருந்து முடிந்த பிறகும் இரண்டு வாரம் இதைத் தொடர வேண்டும். தனியார் மருத்துவரிடம் டி.பி. மருந்து வாங்கிக்கொண்டு அவரிடம் எச்.ஐ.வி. பற்றிச் சொல்லாமலும், ஏ.ஆர்.டி. மையத்தில் டி.பி. பற்றிச் சொல்லாமலும் இருந்தால் இந்த இரண்டாவது மாத்திரை உங்களுக்குக் கிடைக்காது. வைரஸ் மறுபடி தலைதூக்கும். அதனால் எங்கள் வீட்டில் இரண்டு சீட்டையும் ஒரே பையில் வைத்தோம். எந்த மருத்துவரிடம் போனாலும் அந்தப் பையோடு போவோம். இரண்டு நோயும் உள்ளவர்களுக்கு டி.பி. மாத்திரையையும் ஏ.ஆர்.டி. மையத்திலேயே தரும் ஏற்பாடு இருக்கிறது, அதைக் கேட்டு வாங்கிக்கொண்டால் அலைச்சல் பாதியாகும்.

அசிடிட்டி மருந்து, இரும்புச் சத்து, கால்சியம் மாத்திரை எடுக்கிறீர்களா? அவையும் டோலுடெக்ராவிரைத் தடுக்கும். நேரம் எப்படிப் பிரிப்பது என்று கேளுங்கள். சர்க்கரை மாத்திரைக்கும் கருத்தடை மாத்திரைக்கும் இதே மாதிரிச் சிக்கல் உண்டு. கருத்தடை மாத்திரையை நம்பியிருக்கும் பெண்கள் ரிஃபாம்பிசின் காலத்தில் வேறு வழியையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

மருந்து தொடங்கியபின் மோசமானால்

சித்தப்பாவுக்கு ஏ.ஆர்.டி. தொடங்கிய மூன்றாம் வாரம் கழுத்து நெரி எலுமிச்சம்பழ அளவுக்கு வீங்கியது. காய்ச்சல் திரும்பியது. மருந்து ஒத்துக்கொள்ளவில்லை, நிறுத்திவிடலாம் என்று வீட்டில் எல்லோரும் சொன்னார்கள், நானும்தான். மருத்துவர் விளக்கினார். இத்தனை நாள் சோர்ந்து கிடந்த எதிர்ப்புச் சக்தி மருந்தால் எழுந்து, உள்ளே இருக்கும் கிருமியோடு சண்டை போடும்போது வரும் வீக்கம் அது. முதல் சில வாரங்களில் சிலருக்கு இப்படி ஆகும். பெரும்பாலும் இரண்டு மருந்தையும் தொடர்ந்துகொண்டே, வீக்கத்துக்கு மட்டும் தனியாக மருந்து கொடுத்துச் சமாளிப்பார்கள். நீங்களாக நிறுத்தாமல், உடனே போய்க் காட்டுங்கள்.

சிறுநீரும் வியர்வையும் ஆரஞ்சு நிறமாகும். அது ரிஃபாம்பிசினின் நிறம், ரத்தம் கிடையாது. மூட்டுவலி, லேசான குமட்டல் வந்தால் அடுத்த தடவை போகும்போது சொல்லலாம். கண் மஞ்சளாகி வாந்தி எடுத்தால் டி.பி. மாத்திரையை நிறுத்தி அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். பார்வை மங்கினாலோ சிவப்பும் பச்சையும் குழம்பினாலோ அதுவும் அதே நாள் வேலை. மூச்சுத் திணறல், சளியில் நிறைய ரத்தம், கடும் தலைவலியோடு வாந்தி, புத்தி தடுமாற்றம், பிடிமானம் இல்லாமல் நிற்க முடியாமை என்றால் 108. தமிழ்நாட்டில் 2022 முதல் நடக்கும் காசநோய் இறப்பில்லா திட்டத்தில், நோய் தெரிந்தவுடனே மெலிவு, மூச்சு, நிற்கும் பலம் மூன்றையும் பார்த்து, மோசமானவர்களை உடனே படுக்கையில் சேர்க்கிறார்கள். சேரச் சொன்னால் சேருங்கள்.

கடற்கரை ஊர்க்காரர்களுக்காக ஒன்று. தடுப்பு மாத்திரையிலும் டி.பி. மாத்திரையிலும் உள்ள ஐசோனியாசிடை எடுக்கும்போது சூரை, கானாங்கெளுத்தி போன்ற மீன்களைச் சாப்பிட்டால் சிலருக்கு முகம் சிவந்து, தலை வலித்து, நெஞ்சு படபடக்கும். மீனில், அதிலும் ஐஸ் இல்லாமல் கிடந்த மீனில், ஹிஸ்டமின் என்ற பொருள் சேர்ந்திருக்கும். அதை உடம்பு கரைப்பதை இந்த மாத்திரை தடுத்துவிடுகிறது. சூரைக் குழம்பு சாப்பிட்ட ஒரு மத்தியானம் சித்தப்பாவுக்கு இப்படி ஆகி, மாத்திரைதான் விஷம் என்று தூக்கிப் போடப் பார்த்தார். மாத்திரையை விட வேண்டாம், அந்த மீன்களைச் சில மாதம் விடுங்கள். கிழங்கான், சங்கரா, வவ்வால் புதிதாகக் கிடைத்தால் தாராளமாகச் சாப்பிடலாம். படபடப்பு வந்தால் மருத்துவரிடம் காட்டி, சாப்பிட்ட மீனின் பெயரையும் சொல்லுங்கள்.

சாராயத்தைப் பற்றி ஒரே வார்த்தை: ஈரலுக்கு இந்த மாத்திரைகளே போதுமான வேலை, குடிக்காதீர்கள். விட முடியவில்லை என்றால் வெட்கப்படாமல் ஆலோசகரிடம் சொல்லுங்கள். திட்டுவார்கள் என்று பயந்து மாத்திரையை விட்டுவிடாதீர்கள்.

வீட்டில்

தட்டு, தம்ளர், துணி மூலம் டி.பி. பரவாது. பாத்திரத்தைத் தனியாக வைப்பதால் மனம் நோவதைத் தவிர வேறு பயன் இல்லை. வேண்டியது காற்றும் வெளிச்சமும். கொசுவுக்காக ஜன்னலை அடைக்கிறோம், அதைத் திறந்து வைத்துக் கொசுவலை கட்டுங்கள். இருமும்போது துண்டால் வாயை மூடுங்கள், முதல் சில வாரம் முகக்கவசம் போடுங்கள். சரியான மருந்தைத் தவறாமல் எடுத்தால் பரவும் தன்மை சீக்கிரம் குறைந்துவிடும். வீட்டில் இருந்தே மருந்து எடுத்தாலும் ஆஸ்பத்திரியில் தங்கி எடுப்பதற்கு நிகராகக் குணமாகும், குடும்பத்துக்கு ஆபத்து கூடுவதில்லை என்று உலகத்துக்குக் காட்டியது 1959-இல் வெளியான சென்னை ஆய்வுதான். வீட்டில் உள்ள எல்லோரையும், குறிப்பாகக் குழந்தைகளை, பரிசோதனைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள்.

ஏ.ஆர்.டி. மையத்தில் காத்திருக்கும்போதும் இதே கவனம் வேண்டும். இருமுகிறவர் வராந்தாவில் காற்றாட நின்று, ஊழியரிடம் முன்னதாகவே சொல்லிவிடுவது, உள்ளே இருக்கும் மற்றவர்களுக்குச் செய்யும் பெரிய உதவி.

சாப்பாட்டுக்கு, டி.பி. உள்ளவர்களுக்கான அரசின் நிக்ஷய் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் வங்கிக் கணக்குக்கு வரும். 2024 நவம்பருக்கு முன் 500 ஆக இருந்தது. கணக்கு விவரத்தை முதல் நாளே கொடுங்கள். முட்டை, வேர்க்கடலை, பயறு, மீன் போதும். விலை உயர்ந்த சத்து மாவு தேவையில்லை.

மழையும் கடலும் ஊர் மாற்றமும்

நம் கரைக்கு மழைக்காலக் கதை எல்லோருக்கும் தெரியும். 2011-இல் தானே புயல், 2015 வெள்ளம், 2024-இல் ஃபெஞ்சல் புயல். ஐப்பசி பிறக்கும் முன் மையத்தில் சொல்லி, கையில் இரண்டு வாரத்துக்காவது கூடுதல் மாத்திரை இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, சீட்டுகளைப் படம் பிடித்துக் கைப்பேசியில் வையுங்கள். முகாமுக்குப் போக நேர்ந்தால் முதலில் எடுக்க வேண்டியது அந்த டப்பா.

தங்கல் தொழிலுக்குக் கடலுக்குப் போகிறவர்கள் போகும் நாட்களைவிட நாலைந்து நாள் அதிகமாக எண்ணி எடுத்துப் போங்கள். திருப்பூர், கேரளா என்று வேலைக்குப் போனால் இரண்டு சிகிச்சையையும் அங்கே மாற்றித் தருவார்கள். டி.பி.க்கான நிக்ஷய் எண் நாடு முழுவதும் செல்லும். கிளம்பும் முன் மையத்தில் சொல்லிவிட்டுப் போங்கள். ஒரு நாள் மறந்துவிட்டால் மறுநாள் இரட்டிப்பாகப் போடாமல் வழக்கம்போல் தொடருங்கள். பல நாள் விட்டுவிட்டால் மறைக்காமல் போய்ச் சொல்லுங்கள்.

ஆறு மாதம் முடிந்ததும் டி.பி. மாத்திரைக்குத்தான் விடுமுறை, ஏ.ஆர்.டி.க்கு இல்லை. அந்தக் கூடுதல் டோலுடெக்ராவிர் இரண்டு வாரத்துக்கு இருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள். டி.பி. குணமானவர்களுக்கும் மறுபடி வராமல் இருக்கத் தடுப்பு மாத்திரை கொடுப்பது வழக்கம், அதைக் கேளுங்கள். பழைய மாத்திரை மிச்சம் இருந்தால் வீட்டில் வைக்காமல் மையத்திலேயே திருப்பிக் கொடுங்கள். சித்தப்பா இப்போது 57 கிலோ. போன மாதம் லேசாகச் சளி பிடித்திருந்தது. மூன்றாம் நாள் அவரே மையத்துக்குப் போய், கேட்பதற்கு முன்பே இருமல் இருக்கிறது என்று சொல்லி, சளி டப்பாவை வாங்கிக்கொண்டு வந்திருக்கிறார். சோதனையில் டி.பி. இல்லை.